ஒரே மூச்சில் நாற்பத்திரண்டு

என் கணவர் வீட்டுக்குள் வந்து பத்து நிமிடத்தில் எனக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்துவிடும். கேலிக்குச் சொல்லவில்லை. முப்பத்தோரு வருடம் சேர்ந்து குடித்தனம் செய்த மனுஷரைக் கண்டால் நெஞ்சு அடைக்கிறது என்று ஒரு பெண்பிள்ளை சொன்னால் கேட்பவர்கள் சிரிக்கத்தான் செய்வார்கள். என் தங்கை சிரித்தாள். "இத்தனை வருஷம் கழிச்சுத்தான் உனக்குத் தெரிஞ்சுதாக்கும்" என்றாள். நானும் சேர்ந்து சிரித்துவிட்டு, உள்ளே போய் இன்ஹேலரை இரண்டு முறை இழுத்துக்கொண்டு வந்தேன்.

நாங்கள் இருவரும் இனி ஒரே கூரையின் கீழ் இருக்க முடியுமா, முடியாதா? எங்கள் வீட்டில் இப்போது இருப்பது இந்த ஒரு கேள்விதான். இது எப்படி வந்தது என்பதை எழுதி வைக்கிறேன். பொழுதுபோக்குக்காக வீட்டில் சின்ன மெஷின் ஏதாவது வைத்திருப்பவர்கள் யாராவது படித்தால் நல்லது. யாரும் படிக்காவிட்டாலும் பரவாயில்லை. எழுதும்போது எனக்குப் பயம் கொஞ்சம் குறைகிறது.

நான் கணக்கு டீச்சர். அரசுப் பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அவருக்கு லாரி பாடி கட்டும் தொழில். பெயர் செல்வராசு. வாயால் சொல்லிப் பழக்கமில்லை, எழுத்தில்தானே, சொல்லிவிடுகிறேன். நாமக்கல் போகும் ரோட்டில் அவருடைய ஷெட் இருக்கிறது. நாலு பக்கமும் திறந்த தகரக் கொட்டகை. வெறும் சேஸிஸாக வரும் லாரி, மரப்பலகை அடித்து, பெயிண்ட் அடித்து, கண்ணுக்கு மை தீட்டி வெளியே போகும். ஏழு பேர் வேலை பார்க்கிறார்கள்.

வீடு வெண்ணந்தூரில். மாமனார் காலத்தில் பின்கட்டில் நாலு விசைத்தறி ஓடியது. தறிகளை விற்றுப் பல வருஷமாகிவிட்டது, அந்த அறையை மட்டும் இன்றுவரை தறிப்பட்டறை என்றுதான் சொல்கிறோம். அதில் நாலு ஜன்னல் உண்டு. நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த நாலும் திறந்து பார்த்ததில்லை. தறி ஓடும் அறையில் காற்றோட்டம் ஆகாது. காற்றுப் பட்டால் தறியில் பூட்டிய பாவு நூல் காயும், காய்ந்தால் இழை அறும். எங்கள் அப்பா வீட்டிலும் இதே சட்டம்தான். சித்திரை வெயிலில்கூட ஃபேன் போட மாட்டார்கள். பஞ்சுத்தூசி மூக்கிலும் வாயிலும் போகும். அதற்கு மருந்து, சாயங்காலம் தறி நிறுத்தியதும் ஒரு துண்டு வெல்லம். தொண்டையில் ஒட்டிய தூசியை அது வழித்துக்கொண்டு போய்விடும் என்று நம்பினோம். நானும் பாவாடை கட்டிய வயதிலிருந்து தின்றிருக்கிறேன். தூசிக்கு வெல்லம் என்பது எங்கள் பக்கத்தில் யாரும் கேள்வி கேட்காத வைத்தியம்.

ஓய்வு பெற்ற வருடம் பெங்களூரில் இருக்கும் எங்கள் மகள் கீதா எனக்கு ஒரு சின்ன லேத் வாங்கி அனுப்பினாள். மரம் கடையும் இயந்திரம். மேசை மேல் வைக்கலாம். மரக்கட்டையை இரண்டு முனையிலும் பிடித்துச் சுற்றவிட்டு, உளியை ஓரமாக வைத்துக் கொடுத்தால், கட்டை உருண்டு திரண்டு வரும். நான் போனில் வீடியோ பார்த்துப் பார்த்து, யாரோ மர பொம்மை கடைவதைச் சாப்பிடும்போதுகூட விடாமல் பார்த்துக்கொண்டிருந்ததை அவள் கவனித்திருக்கிறாள். "வீட்ல சும்மா உக்காந்தா நீ எல்லாரையும் திருத்த ஆரம்பிச்சிடுவேம்மா" என்றாள். அதுவும் உண்மைதான்.

லேத்தைத் தறிப்பட்டறையில் போட்டோம். ஷெட்டிலிருந்து பூவரசும் வாகையும் துண்டு துண்டாக வந்தன. மூன்று மாதத்தில் என் கைக்குக் குங்குமச் சிமிழ் பிடிபட்டது. உள்ளங்கையில் அடங்கும் சிமிழ், திருகி மூடும் மூடி. வட்டத்தைக் கரும்பலகையில் கைவாகில் போட்டு முப்பத்தைந்து வருடம் பெயர் வாங்கியவள் நான். மரத்தில் அது தானாக வருவதைப் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே கண் கலங்கியது.

சிமிழுக்கு மெருகு போட மெழுகு பூசினேன். மங்கலாக இருந்தது. அவர் எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"டீச்சரே, இதுக்கு லாரி பெயிண்ட் அடிச்சுப் பாரு. பத்து வருஷம் வெயில்லயும் மழையிலயும் ஓடுற வண்டிக்கே மின்னுது. உன்ற சிமிழுக்கு என்ன."

மறுநாள் ஷெட்டில் மீந்த டப்பாக்களும் ஒரு பழைய ஸ்ப்ரே துப்பாக்கியும் வந்தன. பெரிய டப்பாவில் பெயிண்ட், சின்ன டப்பாவில் ஹார்டனர். ஹார்டனர் தண்ணீர் மாதிரி இருக்கும். பெயிண்டில் குறிப்பிட்ட அளவு கலந்தால்தான் அது கண்ணாடிபோல் இறுகும். கலக்கும் விகிதத்தை அவர் சொல்லித்தந்தார். விகிதம் என்றால் எனக்குச் சொல்லவா வேண்டும். சின்ன டப்பாவின் பின்பக்கம் பொடி எழுத்தில் ஏதேதோ இருந்தது, முகமூடி போட்ட ஒரு தலையின் படமும் இருந்தது. நாங்கள் இரண்டு பேரும் படிக்கவில்லை. கேள்வியை இரண்டு முறை முழுசாகப் படி, அப்புறம் பேனாவை எடு என்று எத்தனை பிள்ளைகளின் காதைத் திருகியிருப்பேன்.

முதல் சிமிழ் மஞ்சளில் பளபளவென்று வந்தது. அவர் அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய் ஷெட்டில் எல்லோரிடமும் காட்டினார்.

நான் வேலை செய்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன். கதவைச் சாத்திக்கொள்வேன். ஈரப் பெயிண்டில் தூசி ஒட்டிவிடுமே. ஜன்னல்களைத் திறக்க எனக்குத் தோன்றவே இல்லை, அந்த அறையின் ஜன்னல்கள் மூடியிருக்க வேண்டியவை. மூக்கில் ஒரு ஈரத்துண்டைக் கட்டிக்கொள்வேன். முடித்து வெளியே வந்ததும் ஒரு துண்டு வெல்லம். ஒன்றரை வருடம் இப்படி நடந்தது.

இருமல் எப்போது வந்தது என்று சரியாகச் சொல்ல முடியவில்லை. வறட்டு இருமல். பேச்சின் நடுவில் வரும், இரண்டு இருமிவிட்டுத் தொண்டையைச் செருமினால் போய்விடும். பிறகு சாயங்காலங்களில் மட்டும் வந்தது. பனி என்றோம், தண்ணீர் மாறியது என்றோம். ஊரில் ஒரு டாக்டர் சிரப் கொடுத்தார். பெங்களூருக்குப் போய் மகள் வீட்டில் பத்து நாள் இருந்தபோது ஒரு இருமல்கூட இல்லை. திரும்பி வந்த மூன்றாம் நாள் மறுபடி ஆரம்பித்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தால் ஆறாம் வகுப்புப் பிள்ளை விடை சொல்லியிருக்கும். நான் வெல்லத்தைக் கூட்டினேன்.

தங்கை மகள் கல்யாணத்துக்குத் தாம்பூலப் பையில் போட நாற்பது சிமிழ் ஒத்துக்கொண்டிருந்தேன். ஒரு காலையில் நாற்பதுக்கும் சேர்த்து ஸ்ப்ரே அடித்தேன். முடிக்கும்போது நெஞ்சை யாரோ ஈரத்துணியைப் பிழிகிற மாதிரி முறுக்கினார்கள். கதவைத் திறந்து படியில் உட்கார்ந்தது ஞாபகம் இருக்கிறது. காற்றை உள்ளே இழுக்க முடிகிறது, வெளியே விட முடியவில்லை. வாய் திறந்து கூப்பிடக்கூட காற்று இல்லை. சாகப்போகிறேன் என்று நினைக்கவில்லை. நாற்பது சிமிழ் காயாமல் இருக்கிறதே, மூடியை யார் திருப்பி வைப்பார்கள் என்றுதான் நினைத்தேன். மனசு அவ்வளவு மட்டமானது.

அவர் மதியச் சாப்பாட்டுக்கு வந்தவர் என்னைப் பார்த்தார். தூக்கினார். வாசலில் அவர் ஓட்டிவந்த குட்டியானை, அந்தச் சின்ன லோடு வண்டி, நின்றது, முந்தின நாள்தான் பெயிண்ட் அடித்து முடித்த வண்டி. அதன் கேபினில் என்னை உட்காரவைத்து, வெயிலுக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டு, ராசிபுரத்துக்கு அழுத்தினார். அந்த இருபது நிமிடம் என்ன ஆனது என்று எனக்குத் தெரியாது. அவருக்குத் தெரியும். அதைப் பற்றி அவர் இன்றுவரை பேசுவதில்லை.

ராசிபுரத்தில் ஆக்ஸிஜன் வைத்து, ஆம்புலன்ஸில் சேலத்துக்கு அனுப்பினார்கள். சேலத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது ஒரு படிவம் கொடுத்தார்கள். தொழில் என்ற இடத்தில் அவர் "ஓய்வு பெற்ற ஆசிரியை" என்று எழுதினார். வீட்டில் விறகு அடுப்பா, கேஸா என்று கேட்டார்கள். நாய், பூனை, கோழி உண்டா என்றார்கள். என்ன செய்துகொண்டிருந்தபோது வந்தது என்று கேட்டபோது, "சிமிழுக்குக் கொஞ்சம் பாலிஷ் போட்டேன்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அறுபது வயதில் பொம்மை வேலை செய்துகொண்டிருந்ததைச் சொல்லக் கூச்சமாக இருந்தது. கேட்ட இளம் டாக்டர் நகப்பூச்சு டப்பா அளவுக்கு ஏதோ ஒன்றை நினைத்துக்கொண்டிருப்பார் போல. வாசனை ஒத்துக்கொள்ளவில்லை, ஆஸ்துமா என்று எழுதினார்கள்.

ஆஸ்துமாவைப் பற்றி எனக்குச் சொன்னதை அப்படியே சொல்கிறேன். நுரையீரலுக்குள் காற்றுப் போகும் குழாய்கள் வீங்கிச் சுருங்கிவிடுகின்றன. நெபுலைசர் என்ற கருவி மருந்தைப் புகையாக்கி முகத்தில் கவிழ்த்த மூடி வழியாகத் தரும், குழாய்கள் விரியும். வீக்கம் வற்ற ஸ்டீராய்டு மாத்திரை. எக்ஸ்ரே, ஸ்கேன், ரத்தம் எல்லாம் எடுத்தார்கள். ஒரு குழாயில் ஊதச் சொன்னார்கள். அந்த அறையில் இருந்த பெண் "ஊதுங்க ஊதுங்க ஊதுங்க, விடாதீங்க" என்று விரட்டுவாள், நான் வகுப்பில் வாய்ப்பாடு சொல்லவைத்த அதே குரலில். நாற்பத்தைந்து வருடம் கழித்து என்னை யாரோ பெஞ்சில் ஏற்றியிருக்கிறார்கள் என்று தோன்றியது.

பக்கத்துப் படுக்கையில் மேச்சேரிப் பக்கத்து அம்மா ஒருத்தி. காளியம்மா. ஆடு வளர்க்கிற குடும்பம். வாழ்நாளெல்லாம் அடுப்புப் புகையில் நெஞ்சைக் கெடுத்துக்கொண்டவள். பார்க்கிறவரையெல்லாம் சாமி என்பாள், ஊசி போட வருகிற நர்ஸையும் சேர்த்து.

அந்த நர்ஸ் தினமும் வந்து என்னை ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொல்வாள். மூச்சு எவ்வளவு இருக்கிறது என்பதற்குக் கருவி இல்லாத சோதனை அது. முதல் நாள் ஏழில் நின்றேன். கணக்கு டீச்சர் ஏழில் நின்றுவிட்டாள். மூன்றாம் நாள் இவர் ஷெட்டிலிருந்து நேராக வந்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். என்னைச் சிரிக்கவைக்க, "தள்ளுங்க, நான் எண்ணறேன்" என்று ஆரம்பித்தார். முகம் சிவக்கச் சிவக்க நாற்பத்திரண்டு வரை போனார். காளியம்மாகூடச் சிரித்தாள். நர்ஸ், "நல்ல ஆள் முப்பதைத் தாண்டணும், நீங்க லாரி இன்ஜின்தான்" என்றாள். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அரை மணி நேரத்தில் எனக்கு இழுக்க ஆரம்பித்துவிட்டது. நோயாளியைச் சிரிக்கவைத்துவிட்டார் என்று அவருக்கு வசவு விழுந்தது.

காலையில் நன்றாக இருப்பேன். இட்லி தின்பேன், மகளுடன் பேசுவேன். சாயங்காலம் மோசமாகும். மருந்தைக் கூட்டினார்கள். சர்க்கரை ஏறியது, கை நடுங்கியது. கீதா லீவு போட்டு வந்து, பகலெல்லாம் என் தலையைக் கோதிக்கொண்டு இருந்தாள். பில் கட்டுகிற கவுண்டருக்குப் போய்விட்டு வரும்போதெல்லாம் முகத்தைக் கழுவிக்கொண்டு வருவாள்.

ஐந்தாம் நாள் அவள் டீ வாங்கப் போயிருந்தபோது காளியம்மா என் பக்கம் திரும்பினாள்.

"சாமி, ஒன்னு சொல்றேன், கோவிச்சுக்காத."

"சொல்லுங்க."

"உன்ற ஊட்டுக்காரர் வந்துட்டுப் போனாத்தான் உனக்கு இழுக்குது."

எனக்குச் சுரீரென்று வந்தது. "அவர் என்ன பண்ணுவாருங்க பாவம். வேலையை முடிச்சிட்டு அத்தன தூரத்துல இருந்து ஓடி வாராரு."

"அவரைக் குத்தம் சொல்லலீங்க. நான் ஆடு பாக்கறவ. ஒரு ஆடு மேயாம நின்னா, அது எங்க நிக்குது, எது பக்கத்துல வந்தப்ப நிக்குதுன்னு பாப்போம். ஆட்டுக்கு வாய் இல்லையே. உன்னையும் அஞ்சு நாளாப் பாத்துட்டேன்."

அவளோடு ஒன்றரை நாள் பேசவில்லை. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு படுத்தேன். ஆட்டோடு என்னைச் சேர்த்தாள் என்பது கோபமில்லை. அவள் சொன்னது எனக்கும் தெரிந்திருந்தது, அதுதான் கோபம்.

என்னிடம் ஒரு சின்ன மூச்சுமானி கொடுத்திருந்தார்கள். ஊதினால் முள் நகர்ந்து ஒரு எண்ணில் நிற்கும். நான் மாத்திரைச் சீட்டின் பின்பக்கத்தில் மணியையும் எண்ணையும் எழுத ஆரம்பித்தேன். அவர் வருவதற்கு முன் இருநூற்று அறுபது. வந்து அரை மணி கழித்து நூற்று எண்பது. அடுத்த நாள், தங்கை மகள் கல்யாணத்துக்குப் போய், அந்த நாற்பது சிமிழையும் கொடுத்துவிட்டு வந்தார். தலைக்குக் குளித்து, வெள்ளை வேட்டி, விபூதி. ஒரு மணி நேரம் பக்கத்தில் இருந்தார். இருநூற்று எழுபது. முள் இறங்கவே இல்லை. சந்தோஷப்பட வேண்டிய எண் அது. நான் மறுபடி ஊதிச் சரிபார்த்தேன். அதற்கு அடுத்த நாள் காக்கிச் சட்டையோடு வந்தார். நூற்றுத் தொண்ணூறு.

கட்டம் போட்டு வரைந்தேன். பிள்ளைகளுக்கு வரைபடம் சொல்லிக் கொடுக்கும்போது, கோடு ஏன் இறங்குகிறது என்று கேள் என்பேன். கோடு இறங்குகிற இடத்திலெல்லாம் என் வீட்டுக்காரர் நின்றுகொண்டிருந்தார். அந்தச் சீட்டை ஒரு நாள் முழுவதும் தலையணைக்கடியில் வைத்திருந்தேன். கிழித்துவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

பெரிய டாக்டரம்மாவிடம் காட்டியபோது அவர் இரண்டு முறை பார்த்தார். "உங்க வீட்டுக்காரர் என்ன வேலை பாக்கறாரு?" என்றார். அதன் பிறகுதான் எல்லாம் வெளியே வந்தது. லாரி, பெயிண்ட், ஹார்டனர், லேத், நாற்பது சிமிழ், மூடிய நாலு ஜன்னல்.

டாக்டரம்மா சொன்னதை எனக்குப் புரிந்த மட்டில் எழுதுகிறேன். அந்த ஹார்டனரில் ஐசோசயனேட் என்ற ரசாயனம் இருக்கிறது. ஸ்ப்ரே அடிக்கும்போது கண்ணுக்குத் தெரியாத துளிகளாகக் காற்றில் நிற்கும், தோல் வழியாகவும் போகும். எச்சரிக்கும்படியான வாசனை கிடையாது. மூக்குக்குத் தெரிவது தின்னர் வாசம், கெடுப்பது இது. ஈரத்துண்டு இதைத் தடுக்காது. வெல்லம் வயிற்றுக்குப் போகிறது, நுரையீரலுக்கு வேறு வழி. இந்த இழுப்பு எல்லோருக்கும் வருவதில்லை. வந்துவிட்டால் உடம்பு அதை அடையாளம் வைத்துக்கொள்ளும். பிறகு துளியூண்டு பட்டால் போதும், சட்டையில் ஒட்டிய அளவே போதும், குழாய்கள் மூடிக்கொள்ளும். காய்ந்து இறுகிய சிமிழால் ஆபத்து இல்லை என்றும் சொன்னார். நாற்பது வீட்டுக்குப் போனவற்றை நினைத்து நான் கேட்டேன்.

"எத்தன நாள்ல சரியாகும் டாக்டர்?"

"மூச்சு சரியாகும். அந்த அடையாளம் போகாதும்மா. இனிமே அது பக்கமே போகக்கூடாது."

சாயங்காலம் அவர் வந்தபோது வாசலிலேயே நிறுத்தி, கீதா வாங்கிவைத்திருந்த புதுச்சட்டையை மாற்றவைத்து உள்ளே அனுப்பினார்கள். டாக்டரம்மா எல்லாவற்றையும் திரும்பச் சொன்னார். என் வீட்டுக்காரர் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்.

"ஏனுங்க டாக்டர், முப்பது வருஷமா அந்தப் பெயிண்ட் வாசத்துலதானுங்க சோறு திங்கறேன். எனக்கு ஒன்னும் ஆகலீங்களே."

"உங்க ஷெட் நாலு பக்கமும் திறந்திருக்கு. அதுக்காக உங்களுக்கு ஆகவே ஆகாதுன்னு நான் சொல்ல மாட்டேன். நீங்களும் பெயிண்ட் அடிக்கிறவங்களும் ஒரு நாள் வந்து ஊதிப் பாத்துட்டுப் போங்க. அதுக்கான முகமூடி தனியா இருக்கு, அதைப் போடுங்க."

"சரிங்க" என்றார். அந்தச் சரிங்க எனக்குத் தெரியும். கடன் கேட்டு வருகிறவரிடம் சொல்கிற சரிங்க.

டாக்டர் போனதும் என் காலடியில் உட்கார்ந்தார்.

"அந்த டப்பாவ நான்தான கொண்டாந்து குடுத்தேன்."

"நான்தான அடிச்சேன்."

"அந்தக் குட்டியானை... கண்ணாடியை வேற ஏத்திவிட்டேன்" என்றார். அவர் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. காளியம்மா மரியாதையாக அந்தப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். மறுநாள் அவள் வீட்டுக்குப் போனாள். போகும்போது அவள் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டேன். "போ சாமி, ஆடுகூட முட்டிட்டுத்தான் மருந்து குடிக்கும்" என்றாள்.

பன்னிரண்டாம் நாள் வீடு திரும்பினேன். ஒரே மூச்சில் முப்பத்தொன்று வந்திருந்தது.

வீட்டில் அவர் எல்லாம் செய்துவைத்திருந்தார். லேத் போய்விட்டது, டப்பாக்கள் போய்விட்டன. தறிப்பட்டறையின் நாலு ஜன்னலையும் சுத்தியலால் தட்டித் தட்டித் திறந்திருந்தார். அந்த அறைக்குள் வெயில் விழுந்ததை அன்றுதான் பார்த்தேன். சுவரெல்லாம் மஞ்சளும் பச்சையுமாக மெல்லிசாகப் படிந்து மினுமினுத்தது. அத்தனையும் நான் மூச்சு விட்ட இடம். சுண்ணாம்பு அடித்துவிட்டார்கள். இருந்தாலும் அந்தப் பக்கம் போனால் சுண்ணாம்புக்குக் கீழே அது பார்த்துக்கொண்டிருப்பதாகவே தோன்றுகிறது. இப்படியெல்லாம் பேசுகிறவள் இல்லை நான்.

அவர் ஷெட்டிலேயே குளித்துவிட்டு, வேறு துணியில் வந்தார். பத்து நாள் தாங்கியது. பிறகு ஒரு சாயங்காலம் வேலை அதிகம், தலையை மட்டும் அலசாமல் வந்துவிட்டார். நான் பத்து நிமிடத்தில் வாசலுக்கு ஓடினேன். இன்னொரு முறை, எல்லாம் சரியாகச் செய்து வந்தும் இழுத்தது, காரணமே தெரியவில்லை. செருப்போ, போனோ, காதோரமோ. அதிலிருந்து வாசற்கதவு திறக்கிற சத்தம் கேட்டாலே எனக்கு உடம்பு இறுகுகிறது. அவர் வந்தால் சந்தோஷப்பட்ட உடம்பு இது. அவர் செருப்புச் சத்தத்துக்கு இப்போது பயப்படுகிறது. இதை அவரிடம் மறைக்கப் பார்த்தேன். அவர் லாரிக் கோளாறைச் சத்தத்திலேயே கண்டுபிடிக்கிறவர், என்னைக் கண்டுபிடிக்க எத்தனை நேரம்.

"ஷெட்டை மூடிடறேன்" என்றார்.

நான்தான் வேண்டாம் என்றேன். ஏழு குடும்பம் இருக்கிறது, உங்களுக்கும் அதை விட்டால் வேறு என்ன தெரியும், வீட்டில் உட்கார்ந்தால் இரண்டு பேரும் சண்டை போட்டே சாவோம் என்றேன். அவர் சிரித்தார். "அப்ப பெயிண்ட் வேலை நடக்கற நாள்ல நான் ஷெட்லயே படுத்துக்கறேன். கொஞ்ச நாளைக்குத்தான்." ஷெட்டின் ஒரு மூலையில் தடுப்பு வைத்து, ஃபேன் போட்டு, கட்டில் போட்டுக்கொண்டார். பகலில் திறந்த ஷெட்டில் வேலை. ராத்திரி அதே காற்றில், தடுப்புக்குள், தூக்கம். அதை நான் யோசிக்கவில்லை. என் மூச்சைப் பற்றி மட்டும்தான் அப்போது எனக்கு யோசனை. கொஞ்ச நாள் என்றது நாலு மாதம் ஆகிவிட்டது.

தினமும் சாயங்காலம் போன் வரும். என்ன சமைத்தாய், மாத்திரை போட்டாயா, எண் என்ன. என் மூச்சுமானி எண்ணை அவர் சிலேட்டில் எழுதிவைத்திருக்கிறாராம். டாக்டர் சொன்ன சோதனைக்குப் போனீர்களா என்று நான் கேட்பேன். இந்த லோடு முடியட்டும் என்பார். முகமூடி வாங்கினீர்களா என்பேன். வாங்கினேன், வெக்கையில் பசங்க கழட்டிடறாங்க என்பார். பசங்க மேல் பழியைப் போடுவார்.

இதை இங்கேயே முடித்துவிடலாம் என்றுதான் நேற்றுவரை நினைத்திருந்தேன். மார்கழி முடிந்ததும் ஹார்டனர் இல்லாத பெயிண்ட் மட்டும் அடிப்பதாகச் சொல்லியிருந்தார். அதன் பிறகு வீட்டுக்கு வந்துவிடலாம். அந்த நம்பிக்கையை எழுதி முற்றுப்புள்ளி வைக்கலாம் என்றிருந்தேன். இன்று சாயங்காலம் போன் வந்தது.

"என்ன சமைச்ச?"

"கொள்ளு ரசம். நீங்க?"

"பரோட்டா வாங்கிட்டு வந்தா..." என்று சொல்லும்போது நடுவில் நின்று, இரண்டு இருமினார். தொண்டையைச் செருமினார். "பரோட்டா வாங்கிட்டு வந்தானுங்க பசங்க" என்று முடித்தார்.

அந்த இருமலை எனக்குத் தெரியும். ஒன்றரை வருடம் அது என் தொண்டையில் இருந்தது.

"ஏனுங்க, எத்தன நாளா இருக்குது இது?"

"எது?"

"இருமல்."

"அட, பனி. சாயங்காலமானா கொஞ்சம் வருது. வெல்லம் தின்னுட்டேன், சரியாப் போயிரும்."

வகுப்பில் பேசுகிற குரலைக் கஷ்டப்பட்டு வரவழைத்துக்கொண்டேன். "போனை வெக்காதீங்க. மூச்சை நல்லா இழுத்துட்டு ஒன்னு ரெண்டு எண்ணுங்க."

"பைத்தியம். பசங்க இருக்கறாங்க."

"எண்ணுங்க."

சிரித்துக்கொண்டே ஆரம்பித்தார். ஒன்று, இரண்டு, மூன்று. எதிர்முனையில் பசங்களும் சிரித்தார்கள். பத்தைத் தாண்டினார். பதினைந்தில் குரல் மெலிந்தது. பத்தொன்பதில் நின்றார்.

சிரிப்புச் சத்தம் நின்றுவிட்டது. "போன்ல சரியா வராது டீச்சரே" என்றார்.

"இன்னொருக்கா."

பதினேழு.

நாற்பத்திரண்டு எங்கள் இரண்டு பேருக்கும் ஞாபகம் இருந்தது. அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

"அங்க படுக்க வேண்டாம். குளிச்சிட்டுத் தறிப்பட்டறையில வந்து படுங்க, நாலு ஜன்னலும் திறந்துதான் கெடக்குது" என்றேன். "எனக்கு இழுத்தா இழுக்கட்டும், கதவுக்கு இந்தப்பக்கம் இருந்துக்கறேன். காலையில முதல் பஸ்ஸுல சேலம் போறோம். பெயிண்ட் அடிக்கற பசங்க மூணு பேரையும் வரச்சொல்லுங்க."

"சரிங்க டீச்சர்" என்றார். இந்தச் சரிங்க வேறு மாதிரி இருந்தது.

இப்போது அவர் கேட்டைத் திறக்கிற சத்தம் கேட்கிறது. இன்ஹேலர் மடியில் இருக்கிறது. பழைய மாத்திரைச் சீட்டை எடுத்து, என் வரைபடத்துக்குக் கீழே அவர் எண்களை எழுதிவிட்டேன். நாளைக்கு அங்கே படிவம் கொடுப்பார்கள். தொழில் என்ற இடத்தை இந்த முறை நான் நிரப்புவேன், இடம் போதாவிட்டால் பின்பக்கமும் எழுதுவேன்.